எஸ்எம்பிஎஸ் அடிக்கடி போகிறதா? தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்துக்கான முழு வழிகாட்டி

கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்றால் உடனே புது எஸ்எம்பிஎஸ் (சுவர் மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பவர் சப்ளை பெட்டி) வாங்கி மாட்டுவதுதான் வழக்கம். ஆறு மாதத்தில் அதுவும் போகும். "மட்டமான சரக்கு" என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு இன்னொன்று வாங்குவார்கள். சரக்கு மட்டமாக இருக்கலாம், மறுப்பதற்கில்லை. ஆனால் பாலக்கோட்டிலோ ஊத்தங்கரையிலோ ஒரே மேஜையில் இரண்டு எஸ்எம்பிஎஸ் அடுத்தடுத்துச் செத்தால், குற்றவாளி பெரும்பாலும் பெட்டிக்குள் இல்லை, சுவரில் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டி பிளக் பாயிண்டில் தொடங்குகிறது.

தேவையானவை கொஞ்சம்தான்: டிஜிட்டல் மல்டிமீட்டர், டெஸ்டர், ஒரு துண்டு இன்சுலேட்டட் ஒயர், வேலை செய்யும் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு பவர் கார்டு.

சுவரை முதலில் அளவுங்கள்

மல்டிமீட்டரை ஏசி 600 அல்லது 750 வோல்ட்டில் வைத்து, அதே பிளக் பாயிண்டில் மூன்று அளவுகள் எடுங்கள்.

1. பேஸுக்கும் (மின்சாரம் வரும் ஒயர்) நியூட்ரலுக்கும் (அது திரும்பும் ஒயர்) இடையே: 230-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 210 முதல் 245 வரை கவலையில்லை.
2. பேஸுக்கும் எர்த்துக்கும் (மண்ணோடு இணைத்த பாதுகாப்பு ஒயர்) இடையே: முதல் அளவை ஒட்டியே வர வேண்டும். 100, 120 என்று தத்தளித்தால் எர்த் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது இணைக்கப்படவே இல்லை.
3. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே: 0 முதல் 3 வோல்ட் வரை நல்லது. 10-ஐத் தாண்டினால் நியூட்ரல் இணைப்பு தளர்ந்திருக்கலாம், அல்லது எர்த் பலவீனமாக இருக்கலாம்.

பகலில் ஒருமுறை அளந்துவிட்டு முடித்துவிடாதீர்கள். மாலை 6 மணிக்கு மேல் ஒருமுறை, பக்கத்துத் தோட்டத்தில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் ஓடும்போது ஒருமுறை அளவுங்கள். நம் பக்கம் ஆயிரம் அடிக்குக் கீழே இறங்கிய கிணறுகள் ஏராளம். அவ்வளவு ஆழத்திலிருந்து நீர் இறைக்கும் மோட்டார்களுக்கு குதிரைத்திறன் அதிகம், அவை கிளம்பும் நொடியில் இழுக்கும் கரண்ட் ஓடும் கரண்டைப் போலப் பல மடங்கு. மும்முனை மின்சாரம் வந்தவுடன் பல மோட்டார்கள் ஒன்றாகக் கிளம்பும்போது, டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளி இருக்கும் வீட்டில் 230 என்பது 180-க்கு இறங்குவது சாதாரணம்.

மூன்றாவது அளவு எப்போதும் துல்லியமாக 0.0 காட்டினால் மகிழ்ச்சி அடையாதீர்கள். எர்த் இல்லாத பிளக் பாயிண்டில் சிலர் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டுப் போயிருப்பார்கள். இதைக் கண்டுபிடிக்க, அதே ஸ்விட்ச் போர்டில் அயர்ன் பாக்ஸைப் போட்டுவிட்டு மறுபடி அளவுங்கள். எர்த் தனியாக இருந்தால் கொஞ்சமாவது நகரும். அசையாமல் பூஜ்யத்திலேயே நின்றால் போர்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த ஒட்டு வேலை உயிருக்கு ஆபத்தானது. நியூட்ரல் எங்காவது அறுந்தால் கம்ப்யூட்டர் கேபினெட் முழுவதும் 230 வோல்ட் ஏறி நிற்கும்.

நியூட்ரல் அறுந்தால் என்ன ஆகும்

மும்முனை இணைப்புள்ள வீடு அல்லது வணிக வளாகத்தில் பொது நியூட்ரல் அறுந்தால், எந்த பேஸில் லோடு குறைவோ அதில் வோல்டேஜ் ஏறும். மோசமான நிலையில் இரண்டு பேஸ்களுக்கு இடையிலுள்ள 400 வோல்ட்டை நெருங்கிவிடும். எஸ்எம்பிஎஸ் உள்ளே வரும் ஏசியை பிரிட்ஜ் டயோடு டிசியாக மாற்றி ஒரு பெரிய கெப்பாசிட்டரில் சேர்க்கிறது. 230 ஏசி உச்சத்தில் 325 டிசி. 400 ஏசி என்றால் 565 டிசி. அந்தக் கெப்பாசிட்டரின் தாங்குதிறனோ 400 அல்லது 450 வோல்ட்தான். "டப்" என்ற சத்தமும் கருகல் வாடையும் வரும். அப்படிப் போன வீட்டில் டிவி, ஃபேன் ரெகுலேட்டர், எல்இடி பல்பு எல்லாம் கூடவே போயிருக்கும். அதுதான் அடையாளம்.

இதை ஸ்பைக் பஸ்டர் (பல பிளக் பாயிண்ட் உள்ள பாதுகாப்பு எக்ஸ்டென்ஷன் பெட்டி) தடுக்காது. அதற்குள் இருக்கும் வேரிஸ்டர் மைக்ரோ விநாடிகளில் வந்துபோகும் மின்னல் அதிர்ச்சியை ஓரளவு உறிஞ்சும், அவ்வளவுதான். நிமிடக் கணக்கில் நீடிக்கும் மிகை அழுத்தத்தில் அதுவே எரிந்துவிடும். இதற்குச் சரியான கருவி, மெயின் போர்டில் பொருத்தும் ஓவர் வோல்டேஜ், அண்டர் வோல்டேஜ் கட்-ஆஃப். ஐந்தாறு கம்ப்யூட்டர் உள்ள இ-சேவை மையம், டிடிபி கடை, போட்டோ ஸ்டுடியோ எதுவும் இது இல்லாமல் இயங்கக் கூடாது என்பதே எங்கள் உறுதியான கருத்து. விளக்குகள் திடீரெனப் பிரகாசமாக எரிந்தாலோ, ஒரு அறையில் மங்கி இன்னொரு அறையில் பளிச்சென்றாலோ உடனே மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

எர்த்

கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்கிறதா? எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. உள்ளே பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினெட்டுக்கு இரண்டு சிறு ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் போகின்றன. எர்த் இல்லாதபோது கேபினெட் இரண்டுக்கும் நடுவே, சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். கரண்ட் ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு என்பதால் ஆளைக் கொல்லாது. ஆனால் பென் டிரைவ், பிரிண்டர் கேபிள் சொருகும்போது யுஎஸ்பி போர்ட்டை அடித்துவிடும்.

நம் மாவட்டங்களில் எர்த் குழி தோண்டினால் சில அடியில் பாறை தட்டும். மண்ணும் வறண்டது. நன்றாக இருந்த எர்த்தும் சித்திரை, வைகாசியில் பலவீனமாகிவிடும். குழியில் கரியும் உப்பும் இட்டு, கோடையில் வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றுவது பழைய முறைதான், இன்றும் பலன் தரும். மல்டிமீட்டருக்கு மிகக் குறைந்த கரண்டே போதும் என்பதால் பலவீனமான எர்த்திலும் 230 காட்டிவிடும். நிஜமான சோதனையை எர்த் டெஸ்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். 5 ஓம், அதற்குக் கீழே இருந்தால் நிம்மதி.

பத்து கம்ப்யூட்டர் உள்ள இடத்தில் ஆர்சிசிபி (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச்) காரணமில்லாமல் விழுகிறது என்றால் அதுவும் இதே ஃபில்டர் கெப்பாசிட்டர்களின் வேலைதான். ஒவ்வொரு எஸ்எம்பிஎஸ்ஸும் எர்த்துக்குச் சிறிது கசியவிடும். மொத்தக் கசிவு 15 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி எப்போது வேண்டுமானாலும் விழலாம். கம்ப்யூட்டர்களை இரண்டு மூன்று ஆர்சிசிபிகளாகப் பிரியுங்கள். ஆர்சிசிபியைக் கழற்றி எறிவது தீர்வல்ல.

பெட்டிக்கு வருவோம்: எந்த ஒயர் எவ்வளவு

மதர்போர்டில் சொருகும் 24 பின் கனெக்டரில் நிறங்கள் இப்படி: மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5, ஆரஞ்சு 3.3, ஊதா 5 வோல்ட் ஸ்டாண்ட்பை (கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் வருவது), சாம்பல் பவர் குட் (வோல்டேஜ் எல்லாம் சரி என்ற சிக்னல்), பச்சை ஆன் சிக்னல், நீலம் மைனஸ் 12, கறுப்பு எல்லாம் கிரவுண்ட். ஏற்கத்தக்க அளவு 5 விழுக்காடு கூடக் குறைய. அதாவது மஞ்சள் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பு 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சு 3.14 முதல் 3.46 வரை. மைனஸ் 12-க்கு மட்டும் 10 விழுக்காடு சலுகை.

இப்போது வரும் பல எஸ்எம்பிஎஸ்களில் எல்லா ஒயரும் கறுப்புதான். அப்போது கனெக்டரில் ஒயரே இல்லாத ஒரு குழியைத் தேடுங்கள். அது 20-ஆம் பின். அங்கிருந்து அதே வரிசையில், பின்கள் அதிகமுள்ள பக்கமாக மூன்று கிரவுண்ட் ஒயர்களைத் தாண்டினால் நான்காவதாக இருப்பது பச்சைக்குரிய 16-ஆம் பின்.

பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலிருந்து வாங்கி வரும் டெல், எச்பி ஆபீஸ் மெஷின்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அவற்றில் பலவற்றில் 24 பின்னுக்குப் பதிலாக 6 அல்லது 8 பின் கனெக்டரே இருக்கும், இணைப்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அந்த மாடலின் பின் விவரம் கையில் இல்லாமல் எதையும் ஷார்ட் செய்யாதீர்கள்.

அறிகுறியைப் பிடித்து நோயைத் தேடுதல்

*ஒன்றுமே இல்லை. விளக்கில்லை, ஃபேன் சுற்றவில்லை.*

பவர் கார்டை மாற்றிப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ் பின்னால் உள்ள ஸ்விட்ச் ஆனில் இருக்கிறதா பாருங்கள். பழைய பெட்டிகளில் 115/230 என்ற சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் 230-ல்தான் இருக்க வேண்டும். 115-ல் வைத்துப் போட்டால் அடுத்த நொடியே வெடிக்கும்.

பிறகு மல்டிமீட்டரை டிசி 20-ல் வைத்து, கறுப்பு புரோபை (மீட்டரின் ஊசி முனை) ஏதாவது கறுப்பு ஒயரிலும் சிவப்பு புரோபை ஊதாவிலும், கனெக்டரின் பின்பக்கமாகச் சொருகி வையுங்கள். பிளக் போட்டிருந்தால் கம்ப்யூட்டரை ஆன் செய்யாமலேயே 5 வோல்ட் வர வேண்டும். வரவில்லை என்றால், மதர்போர்டிலிருந்து எல்லாக் கனெக்டரையும் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் இல்லையா? எஸ்எம்பிஎஸ்தான் குற்றவாளி. கழற்றியதும் வந்துவிட்டதா? மதர்போர்டிலோ அதில் சொருகியுள்ள ஏதோ ஒன்றிலோ ஷார்ட்.

ஊதாவில் 5 வருகிறது, ஆனாலும் ஆன் ஆகவில்லை என்றால் பச்சைக்குப் போங்கள். பட்டனை அழுத்தும் முன் 3 முதல் 5 வோல்ட், அழுத்தியதும் பூஜ்யம். பூஜ்யத்துக்கு இறங்கியும் ஃபேன் சுற்றவில்லை என்றால் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல். இறங்கவே இல்லை என்றால் பவர் பட்டன் அல்லது மதர்போர்டு. பட்டன் ஒயரைக் கழற்றி, மதர்போர்டில் அந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பல "செத்துப்போன" கம்ப்யூட்டர்கள் இந்த இடத்தில் உயிர் பெற்றுவிடும்.

*ஒயர் போட்டு ஓட வைக்கும் சோதனை.* கனெக்டரை மதர்போர்டிலிருந்து முழுவதும் கழற்றி, ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கையோ கேபினெட் ஃபேனையோ லோடாக மாட்டி, பச்சையையும் பக்கத்துக் கறுப்பையும் ஒயரால் இணைத்து, அதன் பிறகு பிளக்கைப் போடுங்கள். ஃபேன் சுற்றினால் "முழுக்கச் சாகவில்லை" என்று மட்டுமே அர்த்தம். இந்தச் சோதனையில் தேறி, லோடு வந்ததும் படுத்துவிடும் எஸ்எம்பிஎஸ்கள் நிறைய. இதை வைத்து மதர்போர்டைக் குற்றம் சொல்லிவிடக் கூடாது.

*ஒரு நொடி சுற்றி நிற்கிறது.* பாதுகாப்பு சர்க்யூட் துண்டிக்கிறது. பிளக்கைப் பிடுங்கி இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள், சில சர்க்யூட்டுகள் அதற்கு முன் மீளாது. பிறகு ஹார்ட் டிஸ்க், கிராஃபிக்ஸ் கார்டு, யுஎஸ்பி எல்லாவற்றையும் கழற்றி ஒவ்வொன்றாகச் சேர்த்து வாருங்கள். மதர்போர்டுக்கு அடியில் உருண்டுபோன ஸ்க்ரூவும், செத்துக் கிடக்கும் பல்லியும் இந்த அறிகுறியைத் தரும்.

*காலையில் ஆன் ஆக அடம், நாலைந்து முறை அழுத்தினால் ஓடுகிறது, அப்புறம் நாள் முழுக்கப் பிரச்சினையில்லை.* இது ஸ்டாண்ட்பை பகுதியில் உள்ள சிறு கெப்பாசிட்டர் காய்ந்துவிட்டதன் அடையாளம். அந்தப் பகுதி பிளக் போட்டிருக்கும் வரை, கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் இரவு பகலாக உழைக்கிறது. அதனால்தான் அது முதலில் போகிறது. சூடானதும் கெப்பாசிட்டரின் உள்தடை குறைந்து சமாளிக்கிறது. ஊதாவை அளந்தால் 4.75-க்குக் கீழே இருக்கும், அல்லது ஆடும். அலட்சியம் செய்யாதீர்கள். இதே பழுது முற்றினால் சில மலிவுப் பெட்டிகளில் ஸ்டாண்ட்பை வோல்டேஜ் எகிறி மதர்போர்டையும் கொண்டுபோய்விடும். கடையை மூடும்போது சுவர் ஸ்விட்சையும் அணைத்துவிட்டுப் போனால் இந்தப் பகுதியின் ஆயுள் கூடும்.

*கேம், வீடியோ எடிட்டிங், ஆல்பம் டிசைன் போன்ற கனத்த வேலையில் மட்டும் ரீஸ்டார்ட்.* மஞ்சளை லோடில் அளக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க் கனெக்டரின் பின்புறமோ 24 பின்னின் பின்புறமோ புரோபை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரை முழு லோடில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். 12.1-லிருந்து 11.7-க்கு வந்தால் பரவாயில்லை. 11.4-க்குக் கீழே போனால் மாற்ற வேண்டியதுதான். பயாஸ் (கம்ப்யூட்டர் கிளம்பும்போது திறக்கும் அமைப்புத் திரை) காட்டும் எண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள். அங்கே லோடும் இல்லை, அந்த சென்சார் துல்லியமும் இல்லை. வோல்டேஜ் சரியாக இருந்தும் ரீஸ்டார்ட் ஆனால் பிராசசர் சூட்டைப் பாருங்கள், அதன் மேல் சூடு கடத்தத் தடவிய பேஸ்ட் காய்ந்துபோனால் இதே வேலையைச் செய்யும்.

*கரண்ட் கண் சிமிட்டினாலோ இன்வெர்ட்டர் மாறினாலோ ரீஸ்டார்ட்.* இது நம் வட்டாரத்தில் மிக அதிகம் வரும் புகார், விரிவாகவே சொல்ல வேண்டும். கரண்ட் நின்றதும் பெரிய கெப்பாசிட்டரில் சேர்ந்திருப்பதுதான் கம்ப்யூட்டரைத் தாங்கும். முழு லோடில் சுமார் 16 மில்லி விநாடி தாங்க வேண்டும் என்பது நெடுங்கால விதி. ஆனால் அந்தச் சேமிப்பு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. வீட்டில் 230-க்குப் பதில் 170 வந்தால் கெப்பாசிட்டரில் 325-க்குப் பதில் 240 வோல்ட்தான். சேமிப்பு ஏறக்குறையப் பாதி. கெப்பாசிட்டருக்கு வயதும் ஆகியிருந்தால் கால்வாசி. சதுர அலை இன்வெர்ட்டரிலும் உச்ச வோல்டேஜ் 325-ஐ எட்டாததால் இதே கதைதான்.

ஆக்டிவ் பிஎஃப்சி (உள்ளே வரும் வோல்டேஜை ஏற்றி நிலைப்படுத்தும் சர்க்யூட்) உள்ள எஸ்எம்பிஎஸ் வெளியே 170 வந்தாலும் 240 வந்தாலும் உள்ளே ஏறக்குறைய 380 வோல்ட்டை நிலையாக வைத்துக்கொள்ளும். லோ வோல்டேஜ் ஊர்களில் இதற்காகவே கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். லேபிளில் 100-240 என்று இருந்தால் பெரும்பாலும் இந்த வகை, 200-240 மட்டும் என்றால் அதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஆக்டிவ் பிஎஃப்சி வகைக்குச் சைன் அலை (மெயின் மின்சாரத்தைப் போன்ற அலை) தரும் யுபிஎஸ்தான் ஒத்துப்போகும். வீட்டு இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோடு என்ற ஸ்விட்ச் இருந்தால் அதில் வையுங்கள், மாறும் நேரம் குறையும். பழைய ரிலே ஸ்டெபிலைசர் வழியாகக் கம்ப்யூட்டரை ஓட்ட வேண்டாம். ஒவ்வொரு "டக்" சத்தமும் ஒரு சிறு மின்தடை.

*ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்கிறது.* டிஸ்க் போய்விட்டது என்று தீர்ப்பு எழுதும் முன் சிவப்பையும் மஞ்சளையும் அளந்துவிடுங்கள். தேதி, நேரம் தினமும் மாறுவது மட்டும் எஸ்எம்பிஎஸ் குற்றமல்ல, மதர்போர்டில் உள்ள காசு பேட்டரியை மாற்றுங்கள்.

திறக்கலாமா?

எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் பழக்கம் இல்லாதவர்கள் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். பழகியவர்கள் பத்து நிமிடம் விட்டு, மீட்டரால் அளந்து, இன்னும் இருந்தால் 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட்டட் க்ளிப்பில் மாட்டி அரை நிமிடம் பிடித்து, மறுபடி அளந்த பிறகே கை வைக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்வது கெப்பாசிட்டரையும் கண்ணையும் கெடுக்கும்.

கண்ணாடி ஃபியூஸ் கறுத்து ஆவியாகியிருந்தால் வேறு ஃபியூஸ் மட்டும் போட்டுப் பயனில்லை. பிரிட்ஜ் டயோடு அல்லது மாஸ்ஃபெட் (உயரழுத்த மின்சாரத்தை வேகமாக ஸ்விட்ச் செய்யும் டிரான்சிஸ்டர்) ஷார்ட் ஆகியிருக்கும். ஃபியூஸுக்குப் பதில் ஒயர் கட்டுவது தீ விபத்துக்கான ஏற்பாடு. மாஸ்ஃபெட்டும் ஐசியும் சேர்ந்து போயிருந்தால் மலிவுப் பெட்டியில் ரிப்பேர் செய்வது வீண். வெளியீட்டுப் பக்கக் கெப்பாசிட்டர்கள் மட்டும் தலை உப்பியிருந்தால் தாராளமாக மாற்றலாம்: அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி, லோ இஎஸ்ஆர் (உள்தடை குறைந்த) வகை. 85 டிகிரி சரக்கு போடாதீர்கள். சூடு 10 டிகிரி ஏறினால் கெப்பாசிட்டர் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு.

வேலை முடிந்ததும் முதல் முறை நேரடியாக மெயினில் போடாமல், 60 அல்லது 100 வாட் குண்டு பல்பை சீரியஸில் வைத்துப் போடுங்கள். பல்பு ஒரு நொடி மின்னி மங்கினால் ஷார்ட் இல்லை. பிரகாசமாகவே எரிந்தால் உடனே அணையுங்கள்.

வாங்கும்போது

பெட்டியில் பெரிதாக அச்சிட்ட 450, 500 வாட்டைப் பார்க்காதீர்கள். லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே உள்ள ஆம்பியரை 12-ஆல் பெருக்குங்கள். 16 ஆம்பியர் என்றால் 192 வாட், உண்மையான பலம் அதுதான். பில் போடும் கம்ப்யூட்டருக்கு இதுவே போதும். தனி கிராஃபிக்ஸ் கார்டு உண்டென்றால் 550 வாட்டில், 12 வோல்ட்டில் மட்டும் 500 வாட்டை ஒட்டிக் கொடுக்கக்கூடியதைத் தேடுங்கள். 80 பிளஸ் முத்திரை மின்சிக்கனத்துக்கான சான்று. ஆயுளுக்கு உத்தரவாதம் அல்ல. ஐந்து ஆண்டு வாரண்டி அதைவிட நல்ல அடையாளம்.

கழற்றி மாட்டும் கேபிள் உள்ள எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும்போது பழைய கேபிளையே வைத்துவிடாதீர்கள். பெட்டிப் பக்கக் கனெக்டர் ஒன்றுபோலத் தெரிந்தாலும் உள்ளே வரிசை வேறு. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போய், அத்தனை டிஸ்க்கும் ஒரே நொடியில் எரியும்.

தூசி, பல்லி, இடி

பர்கூர், கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் குவாரி, பாலிஷ் பட்டறைகளை ஒட்டிய இடங்களில் தூசி மாவு போல நுண்மையானது, எஸ்எம்பிஎஸ் ஃபேனின் பேரிங்கைத் தின்றுவிடும். அங்கே மாதம் ஒருமுறை, மற்ற இடங்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிளக்கைப் பிடுங்கிவிட்டு புளோயரால் வெளியிலிருந்தே ஊதுங்கள். ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ள வேண்டும். தானாகச் சுற்றவிட்டால் பேரிங் தேயும். கேபினெட்டைத் தரையில் வைக்காமல் ஒரு அடி உயரத்தில், சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். பின்புறம் காலியான ஸ்லாட்டுகளைத் தகட்டால் மூடுங்கள். பல்லியும் கரப்பானும் கதகதப்பைத் தேடி நுழையும் வழி அதுதான், எஸ்எம்பிஎஸ்ஸின் உயரழுத்தப் பகுதியில் ஒரு பல்லி குறுக்கே விழுந்தால் போதும்.

கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் இடி கேட்டதும் ஸ்விட்சை அணைப்பது போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். ஸ்விட்சின் இடைவெளியை மின்னல் தாண்டும். கூடவே லேன் கேபிளையும் கழற்றுங்கள். இன்டர்நெட் வரும் கண்ணாடி இழை (ஃபைபர்) வழியே மின்சாரம் வராது என்றாலும், மின்னல் மோடமின் அடாப்டர் வழியாக வந்து லேன் ஒயரில் மதர்போர்டுக்குள் புகும்.

யுபிஎஸ் வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வேலை எல்லாம் சேவ் செய்துவிட்டு, சுவர் ஸ்விட்சை அணைத்துப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாங்கவில்லை என்றால் 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. இரண்டு மூன்று ஆண்டுதான் அதன் ஆயுள். புதிது போடும்போது பேட்டரி மேல் தேதியை மார்க்கரால் எழுதிவிடுங்கள்.